பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

ஜூன் மாத மழையில் என் பழைய கார் லாக்லனின் மான் பண்ணைக்குள் நுழைந்தபோது எனக்கு நிம்மதிதான் வந்தது. வேலையோடு வீடும் தருகிற பண்ணை. உலகின் தென்கோடியில் ஜூன்தான் நடுக்குளிர்காலம்; அந்தச் சவுத்லாந்து குளிரில் தலைக்கு மேல் கூரை கிடைத்தால் யார் கேள்வி கேட்பார்கள்? நானும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும்.

குளிர்காலம் முழுக்க மான்கள் கொட்டகைக்குள்தான் இருக்கும். வெளிச்சம் குறைந்தால் மான் அடங்கி நிற்கும் என்பதால் பட்டப்பகலிலும் உள்ளே அந்தி மாதிரி வைத்திருப்போம். ஒரு பக்கம் நாற்பது சினைமான்கள். நடுவே பலகைச் சுவர். அந்தப் பக்கம் லாக்லனின் ஆறு பன்றிவேட்டை நாய்கள்.

நாய்கள் நாளெல்லாம் குரைத்துக்கொண்டே பலகையைப் பிறாண்டின. இடுக்கு வழியே அவற்றின் மூச்சும் பழைய ரத்த வாடையும் வந்துகொண்டே இருந்தன. மான்களின் தீவனத் தொட்டி அந்தச் சுவரை ஒட்டியே இருந்தது. ஒன்றுகூடக் கிட்டே போகவில்லை. எதிர் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று நெருக்கியடித்து நின்றன. கிட்டே போனால் ஒரு சத்தம் மட்டும் கேட்கும். நறநறவென்று நாற்பது வாய்களும் பல்லைக் கடிக்கும் சத்தம்.

காது கிழிந்த ஒரு மான் மட்டும் என்னிடம் வரும். ஈரமூக்கால் என் உள்ளங்கையை முகர்ந்துவிட்டு, ஓடிப்போய் மறுபடி மூலையில் ஒண்டிக்கொள்ளும்.

"லாக்லன், நாய்ங்கள வேற எங்கயாவது கட்டலாமே? மானுங்க தின்னவே மாட்டேங்குது."

"ஏதாவது ஒண்ணு கத்துச்சா?"

"இல்ல."

"வேலியில முட்டுச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? சத்தம் போடாத மான் சவுக்கியமான மான். எங்கப்பா காலத்துலேருந்து இதான் இங்க சட்டம். வந்துட்டா, மானுக்கு வக்காலத்து வாங்க!"

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று இரண்டு வாரம் ஓட்டினேன். அதற்குள் மான்களின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. மறுபடி கேட்டேன். இந்த முறை அவன் சிரித்தான்.

"சரி நைரி, பழக்கிடுவோம். நடுவுல ஒரு பலகையக் கழட்டு. மூஞ்சிக்கு மூஞ்சி பாத்தாதான் பயம் போகும்."

"வேணாம் லாக்லன். செத்துடும்."

"அப்ப வீட்டுச் சாவிய வெச்சிட்டுக் கிளம்பு."

வெளியே ஆலங்கட்டி மழை. எனக்குப் போக்கிடம் இல்லை. ஆணிகளை நான்தான் பிடுங்கினேன்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு மான்கள் செத்துக் கிடந்தன. ஒரு பல்தடம் இல்லை. நாயின் மூக்கு மட்டுமே நுழையும் இடைவெளி அது. அந்தக் காது கிழிந்த மான் மட்டும் விழாமல், மூலையில் சாய்ந்து நின்றபடியே விறைத்திருந்தது. கண் திறந்திருந்தது. இரவு முழுக்க மான்களின் சத்தம் ஒன்றுகூட என் வீட்டுக்குக் கேட்கவில்லை.

"பயந்தாங்கொள்ளிக் கழுதைங்க," என்றான் லாக்லன். குழி தோண்டிப் புதைத்தோம். மிச்ச மான்களை வெளி மேய்ச்சலுக்கு விரட்டினோம். மான் பக்கம் காலியானது.

மூன்றாம் நாள் மதியம் நாய்கள் குரைப்பதை நிறுத்தின.

ஆறும் கடைசி மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. வைத்த இறைச்சி அப்படியே கிடந்தது. எல்லாக் கண்களும் அந்தப் பலகை இடைவெளியின் மேல்.

"குரைங்கடா!" என்று லாக்லன் உதைத்தான். ஒன்றும் அசையவில்லை.

காலியான பக்கத்திலிருந்து ஒரு குளம்பு தரையைத் தட்டியது.

டொக்.

"எவன்டா அங்க?" லாக்லன் குனிந்து இடைவெளியில் முகத்தை வைத்தான்.

அவன் என்ன பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பின்பக்கமாகவே நகர்ந்து போய் நாய்களுக்கு நடுவே மூலையில் ஒண்டிக்கொண்டான்.

"லாக்லன்?" என்று கிசுகிசுத்தேன்.

நறநறவென்று பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

ஒரு மாதம் கழித்து அவனைச் சேர்த்திருந்த மனநல விடுதிக்குப் போனேன். அறையின் மூலையில் நின்றுகொண்டிருந்தான், எலும்பும் தோலுமாக. தட்டில் சாப்பாடு ஆறிக் கிடந்தது. கண்கள் எதிர்ச் சுவரை விட்டு நகரவில்லை.

நர்ஸ் சிரித்தபடி சொன்னாள்: "தங்கமான மனுஷன். தொந்தரவே கிடையாது. வந்த நாள்லேருந்து ஒரு சத்தம் போட்டதில்ல. சவுக்கியமா இருக்கார்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம், டொக்.

தொங்கிக்கொண்டிருந்த என் உள்ளங்கையை ஓர் ஈரமூக்கு மெல்ல முகர்ந்தது.

நான் கத்தவில்லை. கத்த முடியவில்லை. பின்பக்கமாகவே நகர்ந்து போய் லாக்லனின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன்.