நண்டு உடைத்துக் கொடுத்த கை

கதிரவெளிக்கு இந்தப் பக்கம், உப்புத்தண்ணீர்க் களப்போரமாக, கடைசி மின்கம்பத்துக்கும் அங்கால அந்த வீடு நின்றது. இறக்கிவிட்ட ஓட்டோக்காரர் எந்த எச்சரிக்கையும் செய்யவில்லை. "நல்ல காத்து வரும், தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். காற்று வந்தது. செத்த இறாலும், கண்டல் வேர்ச் சேறும், யாரோ ஈரத்தோடு மடித்து வைத்து மறந்த துவாயும் கலந்த ஒரு மணமும் அதோடு வந்தது.

அன்ரோ மூக்கைச் சுளிக்கவில்லை. அவன் புது மாப்பிள்ளை. மூன்று கிழமையாக எதற்கும் மூக்கைச் சுளிக்காமல் பழகியிருந்தான்.

மட்டக்களப்பில் கலியாணம் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொம்பிளை வீட்டுக்குப் போவது மாப்பிள்ளைதான். நாவற்குடாவிலிருந்து கல்லடிக்குப் போன அன்ரோவுக்கும் மனைவி டினோஷாவுக்கும் கிடைத்தது பலகை மறித்த ஓர் அறை. ஒரு பக்கப் பலகைக்குப் பின்னால் மாமா சிறில் இருமுவார். மற்றப் பக்கம் மச்சாள்மார் இரண்டு பேரும் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவார்கள். கட்டில் ஒருதரம் கிறீச்சிட்டால் போதும், குசினியிலிருந்து மாமி குரல் கொடுப்பாள்: "தம்பிக்கு நித்திரை வரல்லயோ? பால் கொண்டு வரட்டோ?"

மாமி போட்டதில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் அன்று முழுக்க அந்த வீடு செத்த வீடு. ஆகையால் அன்ரோ எதைப் போட்டாலும் தின்றான். வேண்டாம் என்ற சொல்லையே மறந்து போனான். மனைவியைத்தான் இன்னும் ஒருதரம்கூடப் பயமில்லாமல் கொஞ்சவில்லை.

அதற்காகத்தான் இந்தப் பயணம். களப்புக் கரையில் முழு வீடு, தம்பதிக்கு மட்டும், பகல் சாப்பாட்டோடு என்று பேஸ்புக்கில் போட்டிருந்தது. வாடகையைப் பார்த்த டினோஷா, "இந்தக் காசுக்கு ரவுண் கடையில ரெண்டு புரியாணிதான் வாங்கலாம். இதுக்குக் கூரை இரிக்குமா?" என்று கேட்டாள்.

கூரை இருந்தது. வாசலில் வீட்டுக்காரி மார்கிறட் ஒரு செம்பில் தண்ணீரோடு நின்றாள்.

"காலக் கழுவிட்டு உள்ள வாங்க, மகன்" என்றாள். டினோஷாவைப் பிறகுதான் கண்டாள். "நீங்களும் வாங்க, புள்ள."

உள்ளே எல்லாம் புதுசு. எல்லாம் கெட்டுப்போனது. மெத்தையின் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை. உறைக்குள்ளே வேர்வை மாதிரித் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அலுமாரியில் மடிப்புக் கலையாத ஒரு சிவப்புச் சீலை, அதில் பச்சைப் பூஞ்சணம். பாத்ரூமில் கடதாசி பிரிக்காத சவர்க்காரம். டினோஷா கடதாசியைப் பிரித்தாள். சவர்க்காரத்தில் நீட்டு மயிர் ஒன்று சுற்றியிருந்தது.

"சீக்! இது ஹனிமூனா, டெங்குவா?"

"சத்தம் போட்டுச் சிரி, டினோ. இஞ்ச பலகை இல்ல."

அவள் சிரித்தாள். சவர்க்காரத்தை ஜன்னலால் எறிந்துவிட்டு, வீட்டுக்குப் பின்னாலிருந்த கிணற்றடிக்குக் குளிக்கப் போனாள். மார்கிறட் சோறும் நண்டுக் கறியும் மேசையில் வைத்துவிட்டு, பின்பக்கத்துக் கொட்டிலுக்குப் போனாள். அன்ரோ கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

மாமியின் வீடியோ கோல் வந்தது.

"தம்பி, சாப்பிட்டீங்களா?"

"இப்பத்தான் இரிக்கிறன், மாமி."

"பீங்கானக் காட்டுங்க பாப்பம்."

காட்டினான். அப்போது பின்னால் ஈரக்கால் நடை கேட்டது. பக்கத்துக் கதிரை இழுபட்டது. நனைந்த கூந்தல் மணம். டினோஷா குளித்துவிட்டு வந்துவிட்டாள் என்று நினைத்தான். மாமியோடு கதைக்கும்போது வேறு பக்கம் பார்க்கிற துணிவு எந்தப் புது மாப்பிள்ளைக்கும் கிடையாது. அவன் திரும்பவில்லை.

டக் என்று நண்டுக்கால் உடைகிற சத்தம்.

சோற்றின் ஓரத்தில் ஓடு நீக்கிய சதை கொஞ்சம் வந்து விழுந்தது.

அன்ரோவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இதற்குத்தானே வந்தது! எடுத்து வாயில் வைத்தான். இளஞ்சூடு. நாரே இல்லை. கூழ் மாதிரி நாக்கில் பரவியது. கறியின் உறைப்பு எல்லாம் போய், உப்பு மட்டும் இருந்தது. என்ன பதமாக மசித்துத் தருகிறாள் என்று நினைத்தான். விழுங்கினான். மறுகா இன்னொரு வாய் வந்தது. அதையும் விழுங்கினான். அவன் வேகம் கூட, சதை வந்து விழுகிற வேகமும் கூடியது. மாமி திரையில் பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைவாய்ப் பல்லில் ஏதோ கடிபட்டது. ஓடாக்கும் என்று விரலால் எடுத்துப் பார்த்தான்.

நகம்.

பாதி உரிந்த ரோஸ் கியூட்டெக்ஸ் பூசிய நகம்.

"டினோவக் குடுங்க, தம்பி" என்றாள் மாமி.

"இந்தா, பக்கத்திலதான்..." என்று போனைத் திருப்பினான்.

மாமி திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தாள்.

"கதிரையில தண்ணி வடியுது, தம்பி. புள்ள எங்க?"

கிணற்றடியிலிருந்து வாளிச் சத்தம் கேட்டது. கூடவே டினோஷாவின் குரல்: "இஞ்சருங்க! அந்தத் துவாய எடுத்துத் தாங்க!"

அன்ரோ திரும்பிப் பார்த்தான். கதிரையில் ஆளில்லை. கறுத்த தண்ணீர் தேங்கி, சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுந்தது. மேசையில் நண்டோடுகள் ஒழுங்காகக் குவிந்து கிடந்தன. ஒவ்வோர் ஓட்டிலும் பல் அடையாளம்.

உதட்டில் ஈரமாக ஏதோ முட்டியது.

அடுத்த வாய்.

அவன் வாய் திறந்தது. அவன் திறக்கவில்லை.

போன் விழுந்த இடத்திலேயே கிடந்து "தம்பி, தம்பி" என்றது. அன்ரோ கதிரையைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தான். மார்கிறட் அதே செம்போடு வந்து நின்றாள்.

"ஆரம்மா வீட்டுக்குள்ள?"

"என்ர மகள் சுலக்ஷனா. அவட வீடுதானே இது, தகப்பன் கட்டாரில நிண்டு உழைச்சுக் கட்டினது. குடிபூர முதல் களப்புல மூழ்கிப் போயிட்டா." செய்தி வாசிக்கிற மாதிரித்தான் சொன்னாள். "பெட்டியோட வாற ஆம்பிளைக்கு அவ சோறு குடுப்பா. வந்த சோடி எல்லாம் மணம் தாங்காம எழும்பிப் போயிட்டாங்க. ஒருவரும் வாயில வைக்கல்ல."

அவள் எட்டி மேசையைப் பார்த்தாள். வழித்துத் துடைத்த பீங்கான். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"நீங்க மிச்சம் வைக்கல்லயே, மருமகன்."

தலை துவட்டாமலே டினோஷா வந்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பெரிய றோட்டு வரைக்கும் ஓடினார்கள். வழியில் அன்ரோ இரண்டு தரம் சத்தி எடுத்தான். சோறு வந்தது. குழம்பு வந்தது. நண்டு வரவில்லை.

பஸ்ஸில் வெகுநேரம் கழித்து டினோஷா கேட்டாள்: "நான் உடைச்சுத் தந்ததெண்டு நினைச்சா தின்னீங்க?"

"ஓம்."

"எனக்கு நண்டு உடைக்கத் தெரியாது" என்றாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்லடிக்கு வந்த பிறகு அன்ரோவுக்குப் பசிக்கவில்லை. மாமி வைத்த சோறு வைத்தபடி கிடந்தது, மாமி அழுதாள். ஆனால் அவன் மெலியவில்லை. காற்சட்டை இறுகியது. சேற்று மணத்தோடு ஏப்பம் வந்தது. பல்முரசில் ரத்தம் வரப் பல் தீட்டினான். கர்த்தரிடம் நேர்ந்துகொண்டான். பகலில் சாப்பாட்டு நேரமானால் உதடு தானாகத் திறந்து மூடியது. மச்சாள்மார் அதைப் பார்த்துச் சிரிப்பதை விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமி ஒரு முடிவெடுத்தாள். இருமலோடு மாமாவையும், அலங்கரித்து முடியாத மச்சாள்மாரையும் இழுத்துக்கொண்டு பூசைக்குப் போனாள். "தம்பி ஆறுதலா இரிக்கட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கலியாணம் முடிந்து முதல் தடவையாக அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. காலை வெயில் கட்டிலில் விழுந்தது. அன்ரோ சிரித்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. டினோஷா பக்கத்தில் வந்து அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். முகத்தோடு முகம் வைத்தாள்.

நின்றாள்.

"என்னத்த மெல்லுறீங்க?" என்று கிசுகிசுத்தாள்.

அவன் தலையாட்டினான். வாயைத் திறந்து காட்டினான். ஒன்றும் இல்லை. மூடினான்.

மெல்லுகிற சத்தம் நிற்கவில்லை. ஈரமாக, அவசரமில்லாமல், வாய்க்குள்ளே யாரோ மென்றுகொண்டிருந்தார்கள். டினோஷாவின் கை அவன் தாடையில்தான் இருந்தது.

தாடை அசையவில்லை.

மெல்லுவது முடிந்தது. பிறகு அவன் தொண்டைக்குழி ஒருதரம் ஏறி இறங்கியது.