புகைக்குப் பின் பச்சை

புகை கலைந்த பிறகு படச்சுருளின் அந்தக் கட்டத்தில் சிறுமி இருக்கக் கூடாது. எர்மின் பூதக்கண்ணாடியை இழுத்து இன்னும் நெருங்கிப் பார்த்தாள். நகமளவுக் கட்டத்துக்குள் கோட்டை மண்டபம், வளைவு வாசல், கையை உயர்த்தி நிற்கும் சாத்தான். அவனுக்குச் சற்றுத் தள்ளி, கடுகளவு முகத்தோடு, அவள் மகள் லிசெத் நின்றுகொண்டிருந்தாள்.

பாரிஸில் அந்த மேல்மாடிக் கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து படச்சுருள்களுக்குக் கட்டம் கட்டமாக வண்ணம் பூசுவார்கள். ஒருத்திக்கு ஒரு நிறம். எர்மினுக்குப் பச்சை. அவள் முடித்த சுருள் பக்கத்து நாற்காலியில் இருக்கும் செலஸ்தினுக்குப் போகும், செலஸ்தினுக்குச் சிவப்பு. சாயம் கரைத்த சாராயத்தின் வாடையும், ஈரக் கம்பளி உடைகளின் வாடையும், யாரோ மூட்டையாகக் கட்டி வைத்திருந்த வறுத்த கஷ்கொட்டை வாசனையும் குளிர்காலம் முழுக்க அங்கே கலந்து கிடந்தன.

அந்தப் படத்தைக் கோடையில் நகருக்கு வெளியே இருந்த கண்ணாடிக் கூடத்தில் எடுத்தார்கள். லிசெத்துக்கு அரண்மனைச் சிறுமி வேடம், பச்சைப் பாவாடை. சாத்தான் போர்வையை வீசியதும் படமெடுப்பவர் நிறுத்தச் சொல்வார். படப்பெட்டியின் கைப்பிடி சுற்றுவது நிற்கும். நடிகர்கள் எல்லோரும் சிலையாக நிற்க, லிசெத் மட்டும் ஓடி வந்து திரைச்சீலை ஓரத்தில் காத்திருக்கும் எர்மினின் மடியில் விழுவாள். பிறகு புகைப்பொடியைக் கொளுத்திவிட்டு மறுபடி சுற்றுவார்கள். பார்ப்பவர்களுக்குச் சிறுமி மாயம். எர்மினுக்கோ அந்த மாயம்தான் குழந்தை கைக்கு வந்து சேரும் நேரம்.

இலைகள் உதிரத் தொடங்கியபோது தொண்டை அடைப்பான் வந்தது. அந்த முறை லிசெத் எந்த ஓரத்திலும் வந்து விழவில்லை.

"செலஸ்தின், இதைக் கொஞ்சம் பாரேன்."

செலஸ்தின் தூரிகையைப் பல்லில் கவ்வியபடி குனிந்தாள். "புகைதான் இருக்கு. தூங்குனியா இல்லையாடி? உன் கண்ணு என் சாத்தானை விடச் செவந்து கெடக்கு."

எர்மின் மறுபடி பூதக்கண்ணாடிக்குக் குனிந்தாள். பார்த்துப் பூசக் கொடுத்திருந்த மாதிரிச் சுருளில் பச்சை புகையோடு முடிந்துவிடும். அதற்கு மேல் பூசக் கூடாது. ஆனால் பெற்றவள் பிள்ளையை வெறும் சாம்பல் நிறத்தில் எப்படி நிற்க விடுவாள்? தூரிகை நுனியால் தொட்டு வைத்தாள்.

அடுத்த பிரதியில் லிசெத் ஓரடி நகர்ந்திருந்தாள்.

பிரதிகள் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து எடுத்தவை. ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் வராது. அது எர்மினுக்கும் தெரியும். தெரிந்தேதான் மறுபடியும் பூசினாள். வாசலிலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து கட்டத்தின் விளிம்பை நோக்கி, கோடையில் தான் கைவிரித்துக் காத்திருந்த அதே பக்கமாகக் குழந்தை வந்துகொண்டிருந்தாள். ஒரு பிரதியை மட்டும் பூசாமல் விட்டுப் பார்த்தாள். அதற்கு அடுத்ததில் லிசெத் நகரவில்லை. முகத்தை மட்டும் திருப்பி, ஏன் என்று கேட்பதுபோல் இவளைப் பார்த்தபடி நின்றாள். அன்று வீட்டில் சூப்பு ஆறி ஆடை கட்டும் வரை எர்மின் கரண்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

கூடத்தை நடத்தும் மதாம் பொவே ஒரு பிற்பகலில் அவள் மேசைக்கு வந்தார்.

"நேத்து ஒரு சுருளைத் திரைத்துணியில ஓட்டிப் பார்த்தோம், எர்மின். பொண்ணு மறைஞ்ச பெறகு பச்சையா ஒரு புள்ளி தானா நடந்து போகுது. வெட்டுக்கிளிக்கும் வேஷம் குடுத்தீங்களான்னு சந்தையில படம் காட்டுற கொட்டகைக்காரன் கேக்குறான்."

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"கை தவறிடுச்சு, மதாம்."

மதாம் பொவே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கை தவறல. எனக்குத் தெரியும்மா. நானும் ஒண்ணைப் பறிகொடுத்தவதான். இந்தப் படம் உனக்கு வேண்டாம். கையில இருக்கறதை முடிச்சுக் குடு. நாளையிலேருந்து வேற படத்துக்கு மஞ்சள் பூசு."

நாளையிலிருந்து மஞ்சள். அப்படியானால் இதுதான் கடைசிச் சுருள்.

கண்ணாடிக் கூரையில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. விளக்கொளியில் நிறம் பொய் சொல்லும் என்பதால் அங்கே யாரும் விளக்கேற்றி வேலை செய்வதில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுப் படியிறங்கினார்கள். எர்மின் புகை வரும் இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

லிசெத் விளிம்பிலேயே நின்றாள். சன்னல் கண்ணாடியில் வைப்பதுபோல் உள்ளங்கையை விளிம்பில் பதித்திருந்தாள்.

சாத்தான் எப்போதும் சனங்களைப் பார்த்தபடி நிற்பான். இந்தக் கட்டத்தில் அவன் தலை திரும்பியிருந்தது. குழந்தை இருக்கும் பக்கமாக.

அவன் சிவப்பாக இருந்தான்.

"செலஸ்தின், இந்தச் சுருளை நீ தொட்டியா?"

"உன்கிட்ட இருக்கறதை நான் எப்படித் தொடுவேன்?" செலஸ்தின் சால்வையை முடிந்துகொண்டிருந்தாள். "என் சாயத்தை அப்பவே மூடியாச்சு. இருட்டுது, கெளம்பு."

காலடி ஓசை படிகளில் இறங்கித் தேய்ந்தது. கூரையில் எங்கோ பனி நழுவியது. பிறகு ஒன்றுமில்லை.

அடுத்த கட்டம். அவன் வாசலைத் தாண்டியிருந்தான்.

அடுத்தது. தூண்.

அடுத்தது. சிவப்புக் கை. லிசெத்தின் தோளில்.

குழந்தையின் வாய் திறந்திருந்தது. அம்மா என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா? படத்தில் சத்தம் வராது.

பூசாமல் விட்டால் அவள் அங்கேயே இருப்பாள். அவனோடு. ஊர் ஊராக, கொட்டகை கொட்டகையாக. பூசினால் வந்துவிடுவாள். தனியாக வரமாட்டாள் என்பதும் எர்மினுக்குப் புரிந்தது. தூரிகையைத் தோய்த்தாள். பாவாடையின் ஓரம் வரை, ஒரு நூல் இடம் விடாமல், நிதானமாகப் பூசினாள்.

அதற்கடுத்த கட்டத்தில் யாரும் இல்லை. வெறும் மண்டபம். வெறும் வாசல்.

மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில், சுருளின் ஓரத்திலிருந்து, ஈரப் பச்சைப் புள்ளிகள் தொடங்கின. முதலில் எறும்பின் தடம் போல. பிறகு பட்டாணியளவு. பிறகு ஐந்து விரலும் தெரிய, ஒரு சிறுமியின் வெறுங்கால். ஒவ்வொரு பச்சைக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு. அதற்கு விரல்கள் இல்லை. நடுவில் பிளந்த குளம்பு.

பச்சைத் தடங்கள் அவள் மடிக்கு நேராக, மேசை விளிம்பில் முடிந்தன. மடியில் ஒரு கனம் ஏறியது. குளிர்ந்த, ஈரமான, பழகிய கனம். எர்மின் கண்ணை மூடி இரண்டு கைகளாலும் அதை இறுக்கி அணைத்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

கண்ணைத் திறந்தபோது, மிச்சமிருந்த வெளிச்சத்தில் சிவப்புத் தடங்கள் தெரிந்தன. அவை மேசையோடு நிற்கவில்லை. தரையில் இறங்கி, அவள் நாற்காலியைச் சுற்றி, அவள் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன.