இரண்டாவது கையுறை

காலை பத்து மணிக்கு ஆய்வகத் தலைவர் வௌவால் கூடத்துக்குள் நுழைந்தார். ஈரச் சுவரின் வாடையும் அழுகிய பழத்தின் வாடையும் மூக்கில் ஏற, வழக்கம்போல முகத்தைச் சுளித்தார். தலைகீழாகத் தொங்கும் பிராணிகளையும் அவற்றுக்குத் தீனி வைக்கும் காப்பாளர் அம்மாளையும் அவர் ஒரே இளக்காரத்தோடுதான் பார்ப்பார். அவள் ஒரு கைக்கு இரண்டு கையுறை மாட்டுவதை எத்தனை நாள் கேலி செய்திருக்கிறார். மேதைக்கு ஒன்று போதுமாம்.

மூன்று வாரம் முன்பு, பதினேழாம் கூண்டு வௌவால் அந்த ஒற்றைக் கையுறையைத் துளைத்துக் கடித்தது. வெளியே சொன்னால் இருபத்தொரு நாள் தனியறை, மானம் கப்பலேறும். அந்த வௌவாலின் கழுத்தை நெரித்து எரியூட்டியில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். இப்போது மகள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறுகிறாள். விலங்கு எதையாவது தொட்டீர்களா என்று டாக்டர் கேட்டபோதும் இல்லை என்று துணிந்து புளுகினார். படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது.

தன் ரத்தத்தையும் மகள் ரத்தத்தையும் பெயர் போடாமல் சோதனைக்கு அனுப்பியிருந்தார். காப்பாளர் முடிவை நீட்டினாள்.

"முதல் ரத்தத்துல வைரஸ் நிறைய மாறியிருக்கு சார். மனுஷ உடம்பு அதுக்குப் புது இடம், சட்டைய மாத்திக்கிட்டே இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டாவதுல வைரஸோட மரபணுல ஒரு எழுத்துகூட மாறல. சொந்த வீடு மாதிரி அடங்கிக் கிடக்கு. அது வவ்வால் ரத்தம்தானே?"

இரண்டாவது அவருடையது.

"உன் வேலையப் பாரு," என்று அவளை வெளியே விரட்டினார்.

கதவு சாத்தியதும் கூடம் அமைதியானது. மனிதக் காதுக்கு எட்டாத வௌவால் ஒலியைப் பிடித்துச் சொல்லும் கருவி மட்டும் சுவரில் டிக் டிக் என்றது. அதைப் பதினேழாம் கூண்டைப் பார்த்து மாட்டியிருந்தார்கள். கூண்டு காலி.

அதன் முன்னால் அவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

மூச்சை அடக்கினார். கருவி நின்றது.

மூச்சை விட்டார்.

டிக்.

தான் எக்கேடு கெட்டாலும் மகள் பிழைக்கட்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தார். உண்மையைச் சொல்லிவிட மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"டாக்டர் பக்கத்துலதான் நிக்கிறாரு. சொல்லுங்க."

வாயைத் திறந்தார். நாக்கு புரண்டது. சத்தம் வரவில்லை.

டிக் டிக் டிக் டிக்.

"என்னங்க? ஏன் பேசாம இருக்கீங்க?"

கூடத்திலிருந்த அத்தனை வௌவால்களும் தலையைத் திருப்பி, அவர் சொல்வதைக் கேட்டன.

பதினேழாம் கூண்டின் கதவு மெல்லத் திறந்துகொண்டது.