இரண்டு குட்டி நீளம்

திரைச்சீலை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நேற்று தொடவில்லை. நேற்று சாயங்காலம் கம்பியில் கோத்து மாட்டிய பிறகு, துணிக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி நேர்கோடாக நிற்பதை அவள் மூன்று முறை குனிந்து பார்த்துப் பூரித்துப் போயிருந்தாள். இப்போது அந்த இடைவெளியைக் காணோம்.

பருத்தித் துணி சுருங்கும். அதற்காகத்தான் வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பார்கள். நீளுகிற பருத்தியை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

"தொங்கித் தொங்கி நீண்டிருக்கும்," என்றான் கணவன், ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே. "எடை போட்டு வாங்குன துணி வேற எப்படி இருக்கும்?"

இந்த வீட்டுக்குக் குடிவந்து நான்கு மாதம்தான் ஆகிறது. போன முறை வந்த நாத்தனார், ஜன்னலில் ஒட்டியிருந்த செய்தித்தாளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்துவிட்டு, "உங்க வீட்டுக்கு வந்தா பொது அறிவு வளருது" என்று சிரித்துவிட்டுப் போனாள். அந்த மகராசி சனிக்கிழமை மறுபடியும் வருகிறாள். அதற்குள் வீட்டின் முகத்தையே மாற்றிக் காட்டுவது என்று ரோஷம் வந்து, வெட்டுத்துணிக் கடையில் மூட்டைகளுக்கு அடியில் அமுங்கிக் கிடந்த சாம்பல் நிறத் துணியை இவள் அள்ளிக்கொண்டு வந்தாள். அளவு நாடா வீடு மாற்றியதில் தொலைந்திருந்தது. இன்னொன்று வாங்க மனம் வரவில்லை. யூகேஜி படிக்கும் மகளைத் துணிமேல் படுக்க வைத்து, தலைமாட்டில் ஒரு சாக்பீஸ் கோடு, கால்மாட்டில் ஒரு கோடு. பிறகு கீழே நகர்த்தி இன்னொரு முறை. கூச்சம் தாங்காமல் மகள் நெளிந்து நெளிந்து சிரித்தாள். கூடத்துக் கதவுக்கு இரண்டு குட்டி நீளம் சரியாக இருந்தது.

அதிகமான இரண்டு விரலை வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்தாள். வெட்டிய பட்டையை வீசவில்லை. பஞ்சுக்குப் பதிலாக மிச்சத் துணியை அடைத்துத்தான் சோபாவுக்கு ஒரு திண்டு செய்துகொண்டிருந்தாள், அதற்குள் திணித்தாள்.

மறுநாள் நான்கு விரல். வெட்டினாள். அதற்கும் மறுநாள் ஒரு சாண். அன்றைக்குக் கத்தரி வழக்கம்போல் சரசரவென்று ஓடாமல், ஈரமான எதையோ மென்று மென்று விழுங்குவதுபோல மெதுவாகப் போனது. மழைமேகம் கட்டி இருண்டிருந்த அந்த மத்தியானத்தில், வெட்டுப்பட்ட விளிம்பிலிருந்து ஒரு வாசனை எழுந்து கூடம் முழுக்கப் பரவியது. வியர்வையும் பாலும் கலந்த வாசனை. தூங்கி எழுந்த குழந்தையின் உச்சந்தலை வாசனை. பட்டையைத் திண்டுக்குள் திணித்தபோது கை வெதுவெதுப்பை உணர்ந்தது. அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமை நெருங்கிவிட்டதே என்று திண்டின் வாயை அவசரமாகத் தைத்து மூடினாள்.

"அம்மா, ஸ்விட்ச் எட்டல."

குளியலறை வாசலில் மகள் நின்றிருந்தாள்.

"தினமும் நீதானடி போடுவ? விளையாடாத."

"நிஜமாம்மா. நேத்து குதிச்சேன், எட்டுச்சு. இன்னைக்குக் குதிச்சாலும் எட்டல."

பள்ளிக்கூடப் பாவாடை அவள் கணுக்காலை மூடியிருந்தது. முழங்காலோடு நிற்க வேண்டிய பாவாடை.

இவள் ஓடிப்போய்த் திண்டைப் பிளேடால் கிழித்தாள். மூன்று பட்டைகளையும் எடுத்து வந்து, மகளைக் கையை உயர்த்தச் சொல்லி, விரல்நுனிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். இரண்டு விரல். நான்கு விரல். ஒரு சாண். மிச்சமில்லாமல் பொருந்தின.

கணவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. எடுத்தாலும் என்னவென்று சொல்வது? பெற்ற பிள்ளையைக் கத்தரித்து சோபாவில் அடைத்துவிட்டேன் என்றா?

வெட்டியதை ஒட்டுத்தைக்கத் தெரியாதவளா அவள்? "இங்கேயே நில்லுடி செல்லம். அம்மா கூப்பிடற வரைக்கும் நகரக் கூடாது." திரைச்சீலையைக் கம்பியிலிருந்து பிடுங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் கூடத்தில் இருந்த தையல் மெஷினில் விரித்து, சாண் அளவுப் பட்டையை முதலில் வைத்து மிதித்தாள்.

"அம்மா! கால்ல குத்துது!"

மெஷினை மிதித்த கால் நின்றது. ஊசி துணிக்குள் இறங்கியபடி நின்றது.

"எரியுதும்மா! எடும்மா!"

நிறுத்தினால் பாதியில் நிற்கும். பாதியில் நின்றால்? மிதித்தாள். சுவருக்கு அப்பால் மகள் அலறினாள். கண்ணீரில் துணி மங்கியது. மிதித்தாள். ஓரம் முடிந்தது. அலறலும் முடிந்தது.

"அம்மா! குதிச்சா எட்டுது!"

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இன்னும் ரெண்டேதான்டி. பல்லைக் கடிச்சுக்கோ."

நான்கு விரல் பட்டை. அலறல். இரண்டு விரல் பட்டை. அலறல் தேய்ந்து முனகலானது. நூலை அறுத்தாள்.

டிக்.

குளியலறை விளக்கின் வெளிச்சம் கூடத்துத் தரையில் விழுந்தது.

"எட்டிடுச்சும்மா!"

அவளுக்கு உயிர் வந்தது. திரைச்சீலையை மடியில் பரப்பி, தையலை விரலால் நீவிக்கொண்டே வந்தாள். முதல் பட்டை வழவழப்பு. மூன்றாவது வழவழப்பு. நடுவில் சொரசொரப்பு.

அந்தத் துணிக்கு மேல்பக்கமும் உள்பக்கமும் பார்வைக்கு ஒன்றுதான். தொட்டால்தான் வித்தியாசம். அவசரத்தில் நடுப்பட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்திருக்கிறாள்.

காலடிச் சத்தம் வந்தது. ஈரக் கால்போல. சப். சப்.

மகள் எதிரே வந்து நின்றாள். பழைய உயரம். பாவாடை அளவாக முழங்காலோடு நின்றது. முகமெல்லாம் சிரிப்பு.

"நான் வளந்துட்டேன்!"

முழங்காலுக்குக் கீழே, இரண்டு கால்களையும் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு, தோல் உள்ளே போயிருந்தது. உள்ளே இருக்க வேண்டியது சிவப்பாக, பளபளப்பாக வெளியே இருந்தது. அது மெல்லத் துடித்தது. மின்விசிறிக் காற்று படும்போதெல்லாம் சுருங்கியது.

"இங்க மட்டும் ஜில்லுனு இருக்கும்மா."

 

மகள் குனிந்து பார்த்தாள். சிவப்பிலிருந்து ஒரு சாம்பல் நிற நூல் பிசிறாகத் தொங்கியது. அதன் நுனியை இரண்டு விரலால் பிடித்து, இழுக்க ஆரம்பித்தாள்.