நீல மூடி

காலையில் சாப்பாட்டு மேசையில் கணவர் அவளுடைய இடது கையை இழுத்து, கட்டைவிரலைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு சூடான பாத்திரத்தைத் தொட்டுவிட்டவர்போலக் கையை விட்டார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. டீ ஆறுது, குடி."

வேலை நாளில், அதுவும் காலை நேரத்தில், அவர் அவள் கையைப் பிடித்ததாக அவளுக்கு நினைவே இல்லை. அதெல்லாம் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம்.

அவளுக்கு மூளைகளோடு வேலை. மறதி நோயிலும் நடுக்க நோயிலும் இறந்தவர்களின் மூளையை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, நோய் எந்த மூலையில் தின்னத் தொடங்கியது என்று பார்ப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீவுகிற கத்தி அவளுடைய இடது கட்டைவிரலை நகத்தடிவரை பிளந்துவிட்டது. தையல் போட்ட தழும்பு பிறைபோல நின்றுவிட்டது. "மூளையே இல்லாதவ மூளையை வெட்டப் போனா இப்படித்தான்" என்று கட்டுப் போட்ட கையைப் பார்த்துச் சிரித்தவர் இதே மனிதர்தான். அந்தத் தழும்பில் இன்று புதிதாக என்ன கண்டார்?

சில நாட்களாகவே ஏதோ சரியில்லை. சவரம் செய்யும்போது வாய்க்குள் ஒரு பாட்டை முனகுவார், அது நின்றுபோனது. தலையணையைத் தூக்கிக்கொண்டு மகள் அறைக்குப் போய்விட்டார். கேட்டால், "எனக்குக் குறட்டை, நீ தூங்கு" என்கிறார். அவருடைய அக்காவோடு தொலைபேசியில் தணிந்த குரலில் பேசுகிறார், இவள் உள்ளே வந்தால் பேச்சு வெட்டுப்படுகிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் மகள், இப்போது அப்பாவின் வேட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறாள். இவளைப் பற்றி மகளிடம் அவர் என்ன சொல்லிவைத்திருக்கிறார்? மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

முகம் அவருடையதுதான். குரலும் சோப்பு வாசனையும்கூட. ஆனால் இது அவர் இல்லை.

இந்த வாக்கியம் மனத்தில் ஓடிய அன்று அவள் கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்தினாள். ஏனென்றால் இதை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். மூளையைத் தானமாகத் தர வரும் குடும்பங்கள் அழுதுகொண்டே சொல்வார்கள்: கடைசி வருஷத்தில் அப்பா அம்மாவைப் பார்த்து, 'முகம் அவளோடதுதான், ஆனா இது அவ இல்ல' என்று கதவைச் சாத்திக்கொண்டார் என்று. அந்த நோயில் அப்படி ஒரு கட்டம் உண்டு. நோயாளிக்கு அதில் துளி சந்தேகமும் இருக்காது.

ஆக, இரண்டில் ஒன்று. வீட்டில் ஓர் அந்நியன் இருக்கிறான், மகள் அவன் பக்கத்தில் தூங்குகிறாள். இல்லையென்றால் அவளுடைய மூளை கெடத் தொடங்கிவிட்டது. எது உண்மை என்று யோசிப்பதும் அதே மூளைதான் என்பதுதான் கொடுமை.

யோசிக்க வேண்டாம், சோதித்துவிடலாம் என்று இன்று காலை முடிவு செய்தாள். ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட ஆரோக்கியமான ரத்தம் வேண்டும், அதற்கு வேலை செய்பவர்களும் அவர்கள் வீட்டாரும்தான் கை நீட்டுவார்கள். பல வருஷங்களுக்கு முன் கணவரும் அவளும் கொடுத்த ரத்தம் ஆழ்குளிர்ப் பெட்டியின் அடித்தட்டில் உறைந்து கிடக்கிறது. குளியலறைக் குப்பையில் சவரக் காயத்தை ஒற்றிய பஞ்சு கிடைத்தது. பழையதும் புதியதும் ஒரே ஆளா என்று மரபணு சொல்லிவிடும்.

எந்தச் சோதனையிலும் விடை தெரிந்த ஒரு ஜோடியைக் கூடவே வைக்க வேண்டும். அது பொருந்தினால்தான் மற்ற விடையை நம்பலாம். அதற்கென்ன, தன்னுடைய பழைய ரத்தத்தையும் புதிய ரத்தத்தையும் வைத்தாள். உலகத்தில் சந்தேகமே இல்லாத ஜோடி அதுதானே. கணவருடைய குழாய்களுக்குச் சிவப்பு மூடி, தன்னுடையதற்கு நீலம். யாருடையது என்று சொல்லாமல் உடன் வேலை செய்பவளிடம் கொடுத்தாள். பெரிய வட்டக் கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவள் ஆந்தை.

"யாருதுன்னு கேக்கக் கூடாது, அதானே?" என்றாள் ஆந்தை. "தீர விசாரிப்பதே மெய். குடுங்கக்கா."

மதியம் கழிந்து கூப்பிட்டாள்.

"சிவப்பு ரெண்டும் ஒரே ஆளு. கொஞ்சம்கூடப் பிசிறு இல்ல."

அவர் அவர்தான். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கி, அதைவிடப் பெரிய பாரம் ஏறி உட்கார்ந்தது. அப்படியானால் நோய் எனக்குத்தான். அவளுக்கு அழுகை வந்தது.

"ஆனா நீலம்தான் இடிக்குது. பழசுல ஒரு பொம்பள இருக்காங்க, அழகா வந்திருக்கு. புதுசுல மரபணுக் கோடே விழல."

"ரத்தம் கெட்டிருக்கும்."

"கெட்டாலும் ஏதாவது விழுமேக்கா."

விடை தெரிந்த ஜோடி தவறினால் மொத்தச் சோதனையும் குப்பை. அதுதான் விதி. ஆந்தை குழாயை மாற்றிவிட்டாளா? இவளும் அவரோடு சேர்த்தியா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே அதட்டிக்கொண்டு, பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். மூளைகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறியது. குளிர்ப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. ஊசியைக் குத்தியும் விரலில் ரத்தம் வரவில்லை. அழுத்தினாள், பிசைந்தாள். வெகு நேரம் கழித்து ஒரு சொட்டு வந்தது. சிவப்பாகத்தான் இருந்தது.

இந்த முறை அவள் நகரவில்லை. குழாய் இயந்திரத்துக்குள் போவதைக் கண்ணால் பார்த்தாள். ஆந்தையின் தோளுக்குப் பின்னால் நின்று, திரை நிறைவதைப் பார்த்தாள்.

"இப்பவும் இல்ல" என்றாள் ஆந்தை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டாள். "வெறும் தண்ணிய வச்சா இப்படித்தான் வரும். யாருமே இல்லக்கா இதுல. எங்கேருந்து எடுத்தீங்க?"

அவள் பையை எடுத்தாள். கையுறையைக் கழற்றவும் தோன்றாமல் வெளியே வந்தாள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஏதாவது ரசாயனக் கோளாறு. ஏதாவது பிசகு. நாளை பார்த்துக்கொள்ளலாம். முதலில் மகளை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சாவியைத் திருப்பினாள். கதவு ஒரு கையகலம் திறந்து நின்றது. உள்ளே சங்கிலி போட்டிருந்தது.

இடுக்கில் கணவரின் முகம். அவர் கையில் பயணப் பெட்டி. பின்னால் மகள், பள்ளிக் காலணியோடு.

"கதவைத் திறங்க. நான்தான்."

அவர் திறக்கவில்லை. "அவளை என்ன பண்ணின?" என்றார். "எங்க வச்சிருக்க?"

"என்ன பேசறீங்க? நான்தாங்க."

மகள் இடுக்கு வழியாக அவளை நேராகப் பார்த்தாள். பயமில்லை அந்தப் பார்வையில். அழுது ஓய்ந்த களைப்புதான்.

"அப்பா, அம்மா எப்பப்பா வருவாங்க?"

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வாய் கேட்கவில்லை. கையுறைகள் கீழே விழுந்து கிடப்பதைப் பார்த்தாள். எப்போது கழற்றினாள்?

இடது கை இடுக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் நீட்டவில்லை. மெதுவாக. சங்கிலியைத் தடவித் தேடிக்கொண்டு. உள் விளக்கின் வெளிச்சம் கட்டைவிரல்மேல் விழுந்தது. நகத்தடியில் பிறை இல்லை. தையல் இல்லை. ரேகைகூட இல்லை. பிறந்த குழந்தையின் தோல்போல வழவழவென்று இருந்தது.

கொக்கி கழன்றது.