தயங்காத காலடிகள்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.40.

பஸ் சாரதி கனகலிங்கம் காலை ஷிப்டை முடித்துக்கொண்டு லண்டன் மனோர் பார்க்கில் உள்ள தன் வீட்டுக்கு வந்தபோது, முன்கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்தது.

"மலர்!"

பதில் இல்லை. ஈரக் கோட்டைக் கழற்றியபடியே சமையலறை வாசல் வரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

மனைவி செல்வமலர் தரையில் மல்லாந்து கிடந்தார். பின்தலையில் காயம். சமையல் மேடையின் கல் மூலையில் இரத்தம் காய்ந்திருந்தது. வலது கையில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவில், ஒரு கைத்துப்பாக்கி.

2.44க்கு அவர் அவசர எண்ணை அழைத்தார்.

3.30க்கு டிடெக்டிவ் சார்ஜன்ட் பிரசாந்தினி வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து பதினொரு வயதில் அகதியாக லண்டன் வந்தவர். பொலிஸில் இது அவருக்குப் பத்தொன்பதாவது வருடம். இன்ஸ்பெக்டர் ஹார்வி அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"நகைக்காக வந்திருக்கிறான். இவர் துப்பாக்கியை நீட்டியிருக்கிறார். பிடித்துத் தள்ளிவிட்டு ஓடிவிட்டான்."

"நகைக்காக வந்தவன் கையிலிருக்கிற நாலு காப்பையும் விட்டுவிட்டா போனான்?"

ஹார்வி தோளைக் குலுக்கினார். "பயந்திருப்பான்."

பிரசாந்தினி கையுறையை மாட்டிக்கொண்டு சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். பின்கதவின் பூட்டில் சாவி இருந்தது. செல்வமலர் நின்ற இடத்திலிருந்து அந்தக் கதவு கைக்கெட்டும் தூரம். திறந்தால் தோட்டம், தோட்டத்தைத் தாண்டினால் பின் சந்து. அவர் ஓடவில்லை.

தலைக்குக் கீழே ஒரு துவாய் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

துப்பாக்கியில் ஒரு தோட்டாகூட இல்லை. ஆனால் பாதுகாப்புப் பூட்டு விலக்கப்பட்டு விசை அழுத்தப்பட்டிருந்தது.

நடைவழியின் வெளிர் தரையில் சேற்றுச் சப்பாத்துத் தடங்கள். உள்ளே வந்தவை ஆறு. ஒரே சீரான இடைவெளியில், முன்வாசலிலிருந்து நேராகச் சமையலறைக்குள். திரும்பிப் போனவை தாறுமாறாக, வழுக்கி வழுக்கி. முன்கதவு உடைக்கப்படவில்லை, சாவி போட்டே திறக்கப்பட்டிருந்தது.

அலுமாரியில் போத்தல்கள் வரிசையாக இருந்தன: அரிசி மா, குரக்கன் மா, உளுத்தம் மா. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஆஸ்பத்திரி அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. செல்வமலருக்குக் கோதுமை சேராது. கோதுமை கலந்த எதையும் அவர் தொடக்கூடாது.

பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "பத்து இருபதுக்கு ஏதோ கனமாக விழுந்த சத்தம் கேட்டது. அலுமாரியை நகர்த்துகிறார்கள் என்று நினைத்தேன்."

மாலை 5.15. பொலிஸ் நிலையம்.

கனகலிங்கம் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்திரண்டு வயது. பஸ் கம்பெனிச் சீருடையைக்கூட மாற்றியிருக்கவில்லை.

"காலமை எத்தனை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள், ஐயா?"

"நாலரைக்கு."

"வெள்ளிக்கிழமையில அவ என்ன செய்யிறவ?"

"பத்து மணிக்குச் சேர்ச் றோட் முருகன் கோயிலுக்குப் போவா. பூசை முடிஞ்சு வர ஒரு மணியாகும்."

"இண்டைக்கு ஏன் போகேல்லை?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "டொரொன்டோவில அவவின்ரை சித்தப்பா காலமாகிட்டாராம். துடக்கு. கோயிலுக்குப் போக ஏலாது. ஒன்பது பத்துக்கு எனக்குக் கோல் எடுத்திருக்கிறா. ஃபோன் லொக்கரில கிடந்தது. பஸ் ஓடேக்க வைச்சிருக்க விடமாட்டினம்."

"அவவின்ரை கையில கிடந்த துவக்கு?"

"தெரியாது."

"உங்கட வீட்டிலதானே இருந்தது?"

"அவ எங்கை வாங்கினாவோ எனக்குத் தெரியாது, தங்கச்சி."

"உங்கட வீட்டுச் சாவி ஆரிட்டை இருக்கு?"

"என்னட்டை. அவவிட்டை. மகள் தர்மிகாவிட்டை. அவள் லெஸ்டரில இருக்கிறாள். இப்ப ட்ரெயினில வந்துகொண்டிருக்கிறாள்."

போன ஒக்டோபரில் நடந்ததை அவரே சொன்னார். இரண்டு பேர் வாசலில் வைத்துச் செல்வமலரின் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு மூன்று மாதம் அவர் வீட்டைவிட்டு வெளியே காலெடுத்து வைக்கவில்லை. தைப்பொங்கலுக்குப் பிறகுதான் மெல்ல மெல்லக் கோயிலுக்குப் போகத் தொடங்கினார்.

"பொங்கலுக்குப் பிறகு என்ன மாறினது?" என்று பிரசாந்தினி கேட்டார்.

கனகலிங்கம் மேசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை, காலை 11.00.

பிரேத பரிசோதனை அறிக்கை வந்தது. விழுந்த பிறகு ஏறக்குறைய அரை மணி நேரம் செல்வமலரின் உடலில் உயிர் இருந்திருக்கிறது. பிரசாந்தினி அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார்.

அதோடு கனகலிங்கத்தின் கைபேசிச் செய்திகளின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்திருந்தது. எல்லாம் சாதாரணப் பேச்சு. யோகராஜா என்ற சிநேகிதருக்குப் புதன்கிழமை அனுப்பிய ஒரு செய்தி: 'செமோலினாவை எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பத்துக்குப் பிறகு வா. அவள் கோயிலில் இருப்பாள்.'

ஹார்வி சிரித்தார். "மனைவி இல்லாத நேரத்தில் சமையல்."

"கோதுமை சேராத வீட்டில் செமோலினா எதற்கு?" என்றார் பிரசாந்தினி. பிறகு மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையில் மாதவன், மதுரைக்காரர், கோலியர்ஸ் வுட்டில் இருந்து வேலை செய்கிறவர்.

"மாதவன், பதினேழாவது செய்தி. தமிழில என்ன எழுதியிருக்கு? அப்படியே வாசியுங்கோ."

"ஒரு நிமிஷம் மேடம்... 'ரவையை எடுத்திட்டன். வெள்ளி பத்துக்குப் பிறகு வா. அவ கோயில்.' ஏன் மேடம், ரவைன்னா ரவைதானே? உப்புமா கிண்டுறது. செமோலினான்னு போட்டேன்."

பிரசாந்தினி மொழிபெயர்ப்பில் அந்த ஒரு சொல்லைச் சுற்றி வட்டமிட்டார்.

"உங்களில பிழையில்லை, மாதவன். எங்கட ஊரிலயும் ரவையெண்டால் அதுதான். ஆனா இன்னொண்டும் இருக்கு. துவக்குக்குள்ள போடுறதையும் நாங்கள் ரவையெண்டுதான் சொல்லுறது. சின்ன வயசில அந்தச் சொல்லைத்தான் நான் கனக்கக் கேட்டனான்."

"ஐயோ மேடம்..." என்றார் மாதவன்.

நண்பகல் 12.30.

விசாரணை அறையில் கனகலிங்கம் ஒரு சட்டத்தரணியோடு உட்கார்ந்திருந்தார். பிரசாந்தினி செய்தியின் தமிழ்ப் பிரதியை அவர் முன்னால் வைத்தார்.

"ஐயா, ரவையை எடுத்தது நீங்கள். வீட்டில துவக்கு இருக்கிறது உங்களுக்குத் தெரியும். அது வெறுந்துவக்கு எண்டதும் தெரியும். செல்வமலர் அக்காவுக்குத்தான் தெரியாது."

அவர் காகிதத்தைப் பார்த்தபடியே இருந்தார். சட்டத்தரணி காதில் ஏதோ சொல்ல முயன்றார். கனகலிங்கம் தலையை ஆட்டி மறுத்தார்.

"நான்தான் வாங்கிக் குடுத்தனான். யோகராஜாதான் ஆளைப் பிடிச்சுத் தந்தவன். பார்க்கிங் எண்ட ஊரில ஒரு வீட்டில மூண்டு துவக்கை மேசையில வைச்சு, எது வேணுமெண்டு கேட்டாங்கள். மலரையும் கூட்டிக்கொண்டு போனனான். முதலாவது பாரம். ரெண்டாவதை இழுக்க அவவின்ரை விரலுக்குப் பலம் காணாது. மூண்டாவது சின்னன். கையில வைச்சுப் பார்த்தா. கார்டிகன் பொக்கெற்றுக்குள்ள போட்டுப் பார்த்தா. வெளியில தெரியேல்லை. காப்புக்கடையில நிண்டு அளவு பார்க்கிறமாதிரித்தான் பார்த்தா. அண்டைக்குத்தான், கனநாளைக்குப் பிறகு, சிரிச்சவ."

"பிறகு ஏன் ரவையை எடுத்தனீங்கள்?"

"எட்டு நாளைக்கு முதல், ஞாயிற்றுக்கிழமை, பார்சல் குடுக்க வந்தவன் கதவைக் கொஞ்சம் பலமாத் தட்டிப்போட்டான். கதவைத் திறக்கேக்க மலரின்ரை கை பொக்கெற்றுக்குள்ள. விரல் எங்கை இருந்ததெண்டு எனக்குத் தெரிஞ்சுது. அந்தப் பெடியனுக்கு இருபது வயசும் இராது." அவர் குரல் தாழ்ந்தது. "அவ குளிக்கேக்க ரவை எல்லாத்தையும் எடுத்து, றோடிங் ஆத்துக்குள்ள எறிஞ்சன்."

"துவக்கையும் எறிஞ்சிருக்கலாமே?"

"நான் எடுத்ததெண்டு தெரிஞ்சால் திரும்பவும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடப்பா. என்னையும் நம்பமாட்டா. கோயிலுக்கு மட்டும் அவ அதைக் கொண்டு போறேல்லை. மேசை லாச்சிக்குள்ள வைச்சிட்டுப் போவா. நான் ஷிப்டில நிக்கேக்க களவு போனமாதிரி இருக்கட்டுமெண்டு நினைச்சன். துவக்கை எடுக்கச் சொல்லி யோகராஜாவிட்டை என்ரை சாவியைக் குடுத்தன்."

"வெள்ளிக்கிழமை அவரோட கதைச்சனீங்களோ?"

"ஆம்புலன்ஸுக்கு அடிச்ச கையோட அவனுக்கும் அடிச்சன். 'மழையெண்டு நான் போகேல்லை அண்ணை' எண்டவன்." கனகலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "அவன் போகேல்லை. வேறை ஆரோ வந்திருக்கிறாங்கள். தாலிக்கொடி அறுத்தவங்களாயிருக்கும்."

அது உண்மையாக இருக்கவேண்டும் என்று அவர் மூன்று நாளாக வேண்டிக்கொண்டிருந்தார் என்பது பிரசாந்தினிக்குப் புரிந்தது. இதை மென்மையாகச் சொல்ல வழி எதுவும் இருக்கவில்லை.

"உங்கட மனிசியைத் தள்ளி விழுத்தினது யோகராஜாதான், ஐயா."

"எப்படிச் சொல்லுறியள்?"

"நடைவழியில ஆறு காலடி. எல்லாம் ஒரே அளவு. எதிரில ஒருத்தர் துவக்கை நீட்டிக்கொண்டு நிக்கேக்க, வாறவன் ஒரு தரமெண்டாலும் நிப்பான். பின்வாங்குவான். சுவரோட ஒதுங்குவான். இவர் தயங்கவேயில்லை. அக்கா விசையை அமத்தியிருக்கிறா. அப்பவும் நடந்து வந்திருக்கிறார். அது வெறுந்துவக்கு எண்டு தெரிஞ்சவரால மட்டும்தான் அப்படி நடக்க ஏலும். தெரிஞ்சவர் ரெண்டே ரெண்டு பேர். நீங்கள் அந்த நேரம் பஸ்ஸில. நீங்கள் தகவல் சொன்ன மற்ற ஆளிட்டை உங்கட சாவியும் இருந்தது."

கனகலிங்கம் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"அக்காவின்ரை தலைக்குக் கீழை ஒரு துவாய் மடிச்சு வைச்சிருந்தது. களவெடுக்க வாறவன் அதைச் செய்யமாட்டான். அவவின்ரை கையால சாப்பிட்ட ஆள்தான் செய்வான்."

"அவன் அவவை அக்கா, அக்கா எண்டு..." இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மாலை 4.10.

யோகராஜா பார்க்கிங்கில் தன் வீட்டிலேயே இருந்தார். நாற்பத்தைந்து வயது, வாகனத் திருத்தக் கடையில் வேலை. கதவைத் திறந்ததும் பிரசாந்தினி எதுவும் கேட்க முதலே வாசலில் குந்திவிட்டார். சேறு படிந்த சப்பாத்து அங்கேயே கிடந்தது.

அவருடைய வாக்குமூலம் நீளமானதல்ல.

"அக்கா நிப்பா எண்டு நினைக்கேல்லை. தலையில ஹூட் போட்டிருந்தன். 'ஆரடா?' எண்டு கத்தினா. முகத்தைக் காட்டினால் அண்ணைதான் அனுப்பினவர் எண்டு தெரிஞ்சுபோகும். ரவை இல்லைத்தானே, பறிச்சுக்கொண்டு ஓடிவிடுவமெண்டு கிட்டப் போனன். அவ திரும்பத் திரும்ப அமத்தினா. கையைப் பிடிச்சன். உதறிப்போட்டுப் பின்னால சரிஞ்சா. நான் பேரைச் சொல்லியிருக்கலாம். 'அக்கா, நான் யோகன்' எண்டு சொல்லியிருக்கலாம்."

"விழுந்த பிறகு அவவுக்கு மூச்சு இருந்தது, யோகராஜா. ஏன் ஆம்புலன்ஸுக்கு அடிக்கேல்லை?"

"துவக்கு கையில கிடந்ததே. எல்லாரும் மாட்டுவம் எண்டு பயந்திட்டன்."

"துவக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே?"

"அவவின்ரை கையை விரிக்க எனக்கு மனம் வரேல்லை."

மாலை 6.30.

கனகலிங்கம் புதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். இந்த நாட்டில் இப்படி ஒரு துப்பாக்கியை வைத்திருந்தாலே ஆகக் குறைந்தது ஐந்து வருடம் என்று சட்டத்தரணி அவருக்கு விளக்கியிருந்தார். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் பிரசாந்தினியைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். நான் ரவையை எடுக்காமல் விட்டிருந்தால்?"

"யோகராஜா செத்திருக்கலாம்."

"அதில்லை. மலர்?"

பிரசாந்தினி பொய் சொல்ல நினைத்தார், முடியவில்லை. "ரவை இருக்கெண்டால் யோகராஜா வாசலிலேயே நிண்டு பேரைச் சொல்லியிருப்பார். ரவை இல்லையெண்டு தெரிஞ்சிருந்தால் அக்கா பின்கதவால ஓடியிருப்பா. ஒருத்தருக்குத் தெரிஞ்சு மற்றவருக்குத் தெரியாமல் போனதுதான், ஐயா."

அவர் மெதுவாகத் தலையசைத்தார்.

"தர்மிகா வெளியில இருக்கிறா," என்றார் பிரசாந்தினி. "இன்னும் ஒண்டும் தெரியாது. நான் சொல்லட்டோ?"

"வேண்டாம். நான் சொல்லுறன்."

விதிமுறைப்படி ஐந்து நிமிடம். கூட ஒரு கான்ஸ்டபிள். சின்ன அறையின் கதவைத் திறந்தபோது தர்மிகா கதிரையிலிருந்து எழுந்தாள். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"அப்பா, they're saying அம்மா had a gun. அம்மாவுக்கு எங்கையிருந்து? அவவுக்கு ஒரு போத்தல் மூடியே திறக்க ஏலாது. சொல்லுங்கோ அவையளுக்கு."

கனகலிங்கம் மகளின் இரண்டு கைகளையும் பிடித்து, அவளைக் கதிரையில் இருத்தினார். எதிரில் தானும் உட்கார்ந்தார்.

"பிள்ளை, அம்மாவில ஒரு பிழையும் இல்லை," என்றார். "நான் முதலில இருந்து சொல்லுறன். என்னைக் கோவிச்சாலும் பரவாயில்லை, கடைசி மட்டும் கேள்."