ஒரு கட்டம் தள்ளி

அவன் மறுபடியும் என்டரைத் தட்டினான். சாயங்கால மருந்து வண்டி கிளம்புவதற்குள் வார்டுத் திரைகளுக்கு உயிர் வந்தாக வேண்டும்.

புது மென்பொருள் ஏற்றியதில் ஆஸ்பத்திரி டேட்டாபேஸின் வியூக்கள் மொத்தமும் அழிந்திருந்தன. வியூ என்பது நர்ஸ் கண்ணில் படும் அட்டவணை. சேமித்து வைத்த வரையறைகளைப் படித்து, ஒவ்வொன்றாகத் திரும்ப உருவாக்கிக்கொண்டிருந்தான். தகவலுக்கு மேலே தலைப்புகள் வரிசைப்படி போய் ஒட்டிக்கொள்ளும். எது எதற்குப் பொருத்தம் என்று அவை யோசிப்பதில்லை.

குழந்தைகள் வார்டு வியூவில் தலைப்புகள் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தன.

'ஒவ்வாமை'க்குக் கீழே காலி. பென்சிலின் என்ற சொல், 'முன்பு கொடுத்த மருந்து' என்ற அடுத்த தலைப்பின் கீழ்.

போன வருடம் அவன் கவனக்குறைவால் வந்த இதே பிழையில்தான் ஒரு பெண் குழந்தை ஊசி போட்ட கையோடு அடங்கிப்போனது. விசாரணைக் குழு வருவதற்குள் அவன் கமுக்கமாகத் திருத்திவிட்டான். கம்ப்யூட்டரில் எல்லாம் சரி, ஊசி போட்ட சின்ன சிஸ்டர்தான் பார்க்காமல் போட்டுவிட்டாள் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்த வாரமே ஹாஸ்டல் கதவை உடைத்துத்தான் சின்ன சிஸ்டரின் உடலை வெளியே எடுத்தார்கள்.

போன் அடித்தது. ஹெட் நர்ஸ்.

"என்ன தம்பி, ஜோசியம் பார்த்தா மருந்து குடுக்கறது?"

"அஞ்சு நிமிஷம் சிஸ்டர்."

"உங்க அஞ்சு நிமிஷத்துல புள்ள பெத்துப் பேரும் வச்சுடுவாங்க."

வியூவை அழித்தான். தலைப்புகளைச் சரியான வரிசையில் தானே தட்டினான். உருவாக்கினான். சேமிப்பிலிருந்து திரும்பப் படித்தான்.

ஒரு கட்டம் தள்ளி.

ஜன்னலில்லாத அந்த அடித்தள அறையில் சர்வர்களின் இரைச்சல் எப்போதும் போலச் சுவரை அதிரவைத்துக்கொண்டிருக்க, அந்த இரைச்சலுக்கு அடியில், ஈரத் தரையில் ரப்பர் செருப்பு ஒட்டிப் பிரியும் சத்தம் ஒன்று, அவசரமே இல்லாமல், அலமாரி வரிசைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. தரை காய்ந்திருந்தது.

மறுபடி அழித்தான். தட்டினான். படித்தான்.

ஒரு கட்டம் தள்ளி.

செருப்புச் சத்தம் நின்றது. அருகில்.

போன் அடித்தது. எடுத்தான்.

"சார், குழந்தைங்க வார்டுலேர்ந்து." மெல்லிய குரல். பணிவான குரல். அவனுக்குத் தெரிந்த குரல். "ஒவ்வாமை கட்டம் காலியா இருக்கு. ஆனா பாப்பாவோட அம்மா, இந்த மருந்து ஒத்துக்காதுன்னு சொல்றாங்க. போடட்டுமா சார்?"

போடாதே. சொல்ல வாய் திறந்தான். நாக்கு புரளவில்லை. காற்றுகூட வரவில்லை.

ரிசீவருக்குள் வேறொருவன் பதில் சொன்னான். எதையோ மென்றுகொண்டே. சலிப்பாக.

"அம்மாக்காரி சொல்றதெல்லாம் கேட்டா ஆஸ்பத்திரி நடத்த முடியுமா? திரையில இருக்கறதுதான் சரி. போடுங்க."

அவனுடைய குரல்.

விசாரணையில் சின்ன சிஸ்டர் அழுதபடி திரும்பத் திரும்பச் சொன்னது இந்தப் போனைத்தான். அப்படி ஒரு போனே வரவில்லை என்று அவன் சாதித்ததும் இதைப் பற்றித்தான்.

"சரிங்க சார்," என்றாள் அவள். இம்முறை போனில் இல்லை.

அவன் நாற்காலிக்குப் பின்னால், மருந்துக் குப்பியின் கண்ணாடிக் கழுத்து டிக்கென்று உடைந்தது.